மணி அடிக்காத மாடி

இரும்பு என்ற பெயரை அவனுக்கு வேறு யாரும் வைக்கவில்லை. அவனே வைத்துக்கொண்டான். வைத்துக்கொண்டதோடு நிற்காமல், புதிதாக யாரைப் பார்த்தாலும், “என்னை எல்லாரும் இரும்புன்னுதான் கூப்பிடுவாங்க” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் நாலு பேர் நிஜமாகவே அப்படிக் கூப்பிடும்படி செய்துவிட்டான். காரணம் கேட்பவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து அவனுக்குக் காய்ச்சலே வந்ததில்லையாம்.

பெரியவளுக்கு அவன், தங்கை சின்னவளின் புருஷன். ஆகவே வாயில் “மாப்பிள்ளை”, “வாங்க”, “உக்காருங்க”. மனதுக்குள் அவன், இவன், சில நாட்களில் அது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் வருஷக்கணக்கில் காலம் தள்ளுவது லேசான காரியமில்லை. ஆனால் பெரியவள் எதையும் கலக்கவிடாதவள். பெரிய துணிக்கடை ஒன்றின் தையல் பகுதியில் அவளுக்கு வேலை. தைத்து வந்த சட்டையை மேசையில் விரித்து, விரலால் தையலைத் தடவிக்கொண்டே போவாள். காலர் நூலளவு சாய்ந்திருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். சட்டை வந்த வழியே திரும்பிப் போகும். மாப்பிள்ளையை அப்படித் திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனது அவளுக்குத் தீராத குறை.

இரும்பின் வீரவரலாறு முழுவதும் அவன் வாயாலேயே அவளுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட லீவு போடாதவன் என்று ஒரு பித்தளைக் கோப்பை வாங்கியிருந்தான். அது இன்னும் கூடத்து அலமாரியில், சின்னவளின் கண்ணாடிக் கிண்ணங்களைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நிற்கிறது. அந்தக் கோப்பை வாங்கிய வருஷம் அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறது. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருக்க, தலையோடு சேர்த்து ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறான். “அந்த மாசம் கிளாஸ்ல பாதிப் பேரு வரல. அடுத்து டீச்சரே வரல. நான் மட்டும் போய் உக்காந்திருந்தேன்” என்பான். வகுப்பைக் காலி செய்தது யார் என்ற கேள்வி அன்றும் அவனுக்குத் தோன்றவில்லை, அதற்குப் பிறகும் தோன்றவில்லை. அந்தக் கதையைக் கேட்டு வாய் பிளந்தவர்களுக்கும் தோன்றவில்லை என்பதுதான் பெரியவளுக்கு இன்னும் எரிச்சல்.

காய்ச்சல் வராததன் ரகசியம் அவன் சட்டைப் பையில் இருந்தது. மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவன் ஒரு மாத்திரை அட்டை வைத்திருந்தான். உடம்பு லேசாகச் சிலிர்த்தால் போதும், ஒன்றைப் பிதுக்கித் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிடுவான். சூடு ஏறுவதற்கு முன்பே இறங்கிவிடும். பிறகு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, “பாத்தீங்களா, நார்மல்” என்பான். கண்ணை மூடிக்கொண்டு, எதிரே ஆளே இல்லை என்று சொல்லுகிற சாமர்த்தியம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் பிழைப்பே எச்சரிக்கை மணிதான். பல மாடிகள் கொண்ட ஒரு அலுவலகக் கட்டடத்தில் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அவன். கூரையில் ஒவ்வொரு பத்தடிக்கும் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் ஒரு வெள்ளைக் கருவி இருக்கும். புகை பட்டால் அது தரைத்தளத்துக்குக் கீழே இருக்கிற பேனலுக்குச் சொல்லும். பேனல் சிவப்பு விளக்கைப் போட்டு மணியை அடிக்கும். இரும்பு நீளக் கம்பியின் நுனியில் ஒரு டப்பாவை மாட்டி, பொய்ப் புகை அடித்து, ஒவ்வொன்றும் சரியாகச் சொல்கிறதா என்று சோதித்துக்கொண்டே போவான். வேலையில் அவன் சுத்தம். இதை ஒத்துக்கொள்ளும்போதெல்லாம் பெரியவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அந்தக் கட்டடத்துக் காவல்காரர்களைப் பற்றிச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவன் பேசாத பேச்சில்லை. மணி அடித்தால் முதல் காரியமாக ஓடிவந்து பேனலில் மணியை நிறுத்துகிறார்களாம். அப்புறம்தான் எங்கே என்று பார்க்கிறார்களாம், சில பேர் பார்ப்பதும் இல்லையாம். “மணிய நிறுத்திட்டா தீ நின்னுருமா? முட்டாப் பசங்க” என்பான். சொல்லிக்கொண்டே கை சட்டைப் பைக்குப் போகும். பெரியவள் அந்தக் கையையும் அந்த வாயையும் மாறி மாறிப் பார்ப்பாள். இரண்டும் ஒரே ஆளுடையவைதான்.

இது அவன் ஒருவனோடு முடிகிற பைத்தியமாக இருந்திருந்தால் பெரியவள் பாட்டுக்குச் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். சின்னவள் இருந்தாளே.

கல்யாணமாகிச் சில வருஷங்களில் சின்னவளுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போயின. இரும்பு தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தான் என்பது உண்மை. ரத்த வகை பொருந்தவில்லை. வெளியே வந்து, “என்னது ரொம்ப ஸ்ட்ராங்காம். அவ உடம்பு தாங்காதுன்னுட்டாங்க” என்று சொல்லிக்கொண்டான். பெரியவளுடையது பொருந்தியது. கொடுத்தாள். அதைப் பற்றி அவள் எங்கும் பேசுவதில்லை. ஆனால் சின்னவள் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ வெயிலில் அலைந்தாலோ, தன் பொருளை இரவல் கொடுத்தவள் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சின்னவளைப் பார்த்துக்கொள்ளும் முறையை ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். இரும்பும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், தலையை ஆட்டிக்கொண்டு. பெரியவள் புரிகிறவரை திருப்பித் திருப்பிக் கேட்டதால், நர்ஸ் கடைசியில் உடம்பை ஒரு தெருவாக்கிவிட்டாள். கிருமி மூக்கு வழியாக வந்து ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. அந்த வீட்டைத் தன் தொழிற்சாலையாக்கித் தன்னைப்போலவே ஆயிரம் பேரைச் செய்கிறது. ஆனால் அந்த வீடும் லேசுப்பட்டதில்லை. தான் அழிவதற்கு முன்னால் சுவரைத் தட்டி அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவிடுகிறது. பக்கத்து வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு, கிருமிக்கு எதுவும் கிடைக்காதபடி அடுப்பை அணைத்துவிடுகின்றன. தட்டிய சத்தம் கேட்டுத் தெருநாய்கள் ஓடிவருகின்றன. அவற்றுக்கு யார் எவர் என்ற பேதம் கிடையாது, அந்நியமாகத் தெரிந்தால் கடிக்கும். மூளைக்கும் தகவல் போகிறது. அது உடம்பைச் சூடாக்குகிறது. சூட்டில் கிருமியின் வேலை மந்தமாகிறது, நாய்களுக்கு வேகம் கூடுகிறது. மேல்வலி, அசதி, காய்ச்சல் என்று நாம் சொல்வதில் பாதி கிருமி செய்வதில்லை, நம் ஆட்கள் போடும் சண்டை.

“போலீஸ் வராதா?” என்று பெரியவள் கேட்டாள்.

“வரும்க்கா. போலீஸ் மாதிரியேதான் வரும்” என்றாள் நர்ஸ். “ஆள் யாருன்னு அடையாளம் பாத்து, அவனுக்குன்னே ஆளுங்களைத் தயார் பண்ணி வர்றதுக்கு ஒரு வாரம் ஆயிரும். அதுவரைக்கும் தெருவைத் தாங்குறது நாய்ங்கதான். ஆனா போலீஸ் ஒரு தடவை ஆளைப் பாத்துட்டா மறக்காது. அடுத்த தடவை அதே ஆள் வந்தா தெருமுனையிலயே பிடிச்சிரும்.”

சின்னவள் விஷயம் வேறு என்று அவள் மேலே சொன்னாள். அக்காவின் சிறுநீரகம் அந்தத் தெருவுக்கு அந்நியம். விட்டால் போலீஸ் அதையும் அடித்து நொறுக்கிவிடும். அதற்காகத்தான் வாழ்நாள் முழுக்க மாத்திரை. போலீஸைப் பாதி லீவில் அனுப்பி, நாய்களுக்கும் கொஞ்சம் மயக்கம் கொடுத்து வைத்திருக்கிறது. திருடன் வந்தாலும் இந்தத் தெருவில் கூச்சல் கேட்காது. காய்ச்சல் வராமலே நோய் முற்றிவிடலாம். “காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீங்க. எதாவது மாறிச்சுன்னா உடனே கூட்டிட்டு வாங்க.”

பெரியவள் அந்த வார்த்தைகளைத் தையலைத் தடவுவதுபோல் தடவிப் பார்த்து உள்ளே வைத்துக்கொண்டாள். இரும்பு வெளியே வந்ததும், “நாய்க் கதையெல்லாம் சொல்றாங்க” என்று சிரித்தான்.

அதற்குப் பிறகு ஒருமுறை சின்னவள் தும்மிக்கொண்டே இருந்தாள் என்று பெரியவள் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். பார்த்தால் அலமாரித் தூசி. தீ இல்லாமல் அடிக்கிற மணிக்கு இரும்பின் தொழிலில் பொய் மணி என்று பெயர். அன்றிலிருந்து பெரியவளுக்கு அவன் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டான். முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் பேசினால் எதிர்வீடு வரைக்கும் கேட்கும். பெரியவள் வீடு அந்த எதிர்வீடுதான். நடுவில் ஒரு படிக்கட்டு மட்டுமே.

மழை ஓய்ந்த சமயம் ஊரெல்லாம் சளிக்காய்ச்சல். ஒரு சாயங்காலம் பெரியவள் அந்த வீட்டுக்குள் போனபோது இரும்பு சோபாவில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த தினுசிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சட்டைப் பையில் அட்டை பாதி காலி.

நாலு நாளைக்குத் தன் வீட்டு உள்ளறையில் வந்து படுத்துக்கொள்ளுங்கள், சின்னவளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மரியாதையாகவே சொல்லிப் பார்த்தாள். யாருக்கு என்ன வந்துவிட்டது என்று கேட்டான். தெர்மாமீட்டரை எடுத்து அக்குளில் வைத்து, எடுத்து, அவள் கண்ணுக்கு நேராக நீட்டினான்.

“பாருங்க. நார்மல். காய்ச்சல் இருந்தாத்தானே ஒட்டும்?”

“மாத்திரை போட்டா மீட்டர் இறங்கும் மாப்பிள்ளை. கிருமி இறங்காது.”

“கிருமிக்கு என்னைப் பத்தித் தெரியாதுக்கா. வந்துட்டு அதுவா ஓடிரும்.”

ஓடத்தான் செய்தது, பக்கத்தில் படுத்தவளிடம். மறுநாள் அவன் வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். கீழ்த்தளத்து பேனல் அறை ஜன்னல் இல்லாதது. அவனோடு அங்கே டீ குடித்த காவல்காரர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். அதையும் வீட்டுக்கு வந்து பெருமையாகத்தான் சொன்னான். மூன்று பேர் வரவில்லையாம், இவன் ஒருவனே தாங்கினானாம். பித்தளைக் கோப்பை அலமாரியில் பளபளத்தது.

சின்னவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. அசதியாக இருக்கிறது என்று அவனிடம் மட்டும் சொன்னாள். இரும்பு காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மீட்டர் வைத்தான். நார்மல். “என்கூட இருந்து இருந்து இவளும் இரும்பாயிட்டா” என்று படிக்கட்டுக்குக் கேட்கும்படி சொன்னான்.

மறுநாள் பெரியவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. காலையில், அவன் கிளம்பிப் போன பிறகு, உள்ளே வந்தவளின் கண் முதலில் நாற்காலியில் கிடந்த துண்டுகளில் விழுந்தது. சின்னவளும் அக்கா மாதிரிதான். துண்டை மடித்தால் ஓரமும் ஓரமும் ஒட்டி நிற்கும். உடம்பு எவ்வளவு முடியாமல் இருந்தபோதும் அதில் பிசகியதில்லை. அன்றைக்குத் துண்டுகள் ஏனோதானோ என்று சுருண்டு கிடந்தன. பெரியவளின் விரல் அந்த இடத்தில் நின்றது.

கட்டிலுக்குப் பக்கத்தில் காபி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். சின்னவள் சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, ஒரு மூச்சை இழுத்துவிட்டு மீதியைச் சொன்னாள். சொன்னது நாலே வார்த்தை.

“கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“ஒண்ணுமில்லக்கா. அவரு... பாத்துட்டுத்தான் போனாரு.”

“அவரு மீட்டரைப் பாத்தாரு. உன்னைப் பாக்கல.”

“மறுபடி தூசியா இருந்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. உன்னைத்தான். எனக்கு அது பிடிக்கல. அவரு வந்து சொல்லட்டும், வரேன்.”

அக்காவின் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். தன் உயிரை வைத்து. பெரியவள், தங்கையின் மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அவன் கணக்கில் எழுதிக்கொண்டாள். கெஞ்சினாள், அதட்டினாள். சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிடிவாதத்திலும் இருவரும் ஒரே வயிறுதான். போன் போட்டால் அவனுக்குப் போகவில்லை. கீழ்த்தளத்தில் அவன் போன் எடுக்காது. தூக்கிக்கொண்டு போக முடியாது. அவன் வாயால் சொல்ல வைத்தால்தான் ஆகும். கீழ்வீட்டுப் பெண்ணைச் சின்னவளுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, அவள் ஆட்டோ பிடித்து அவன் கட்டடத்துக்குப் போனாள்.

பேனல் அறை மேசையில் அவன் போன் கிடந்தது, அவன் இல்லை. முகக்கவசம் போட்ட ஒரு காவல்காரர், நாலாவது மாடியில் பெயின்ட் வேலை நடக்கிறது, மெக்கானிக் அங்கே இருக்கிறார் என்றார். பேனலில் வரிசையாகப் பச்சை விளக்குகள். ஒன்று மட்டும் மஞ்சள்.

நாலாவது மாடியில் லிஃப்ட் திறந்ததும் சுண்ணாம்புத் தூசி மூக்கில் ஏறியது. மேசைகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தது. இரண்டு பேர் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் கதவின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது: இந்த மாடியில் எச்சரிக்கை மணி வேலை செய்யாது. உள்ளே, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி ஒன்றின் மேல் வயதான காவல்காரர் ஒருவர் சுகமாக உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இரும்பு, கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

“என்னண்ணே, உக்காந்துட்டீங்க?” என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“மணிதான் அடிக்கலையே தம்பி. அடிச்சா எந்திரிச்சு ஓடப்போறேன்.”

“அண்ணே, மணிய அணைச்சு வச்சதே நான்தான். தூசிக்கெல்லாம் அடிச்சுத் தொலைக்குமேன்னு அணைச்சிருக்கேன். இப்ப இந்த மாடியே எரிஞ்சு விழுந்தாலும் அது அடிக்காது. அதுக்குத்தான் உங்களைப் போட்டிருக்கு. இங்க நீங்கதான் மணி. நடந்துகிட்டே இருக்கணும். மோந்து பாக்கணும். சுவத்தைத் தொட்டுப் பாக்கணும். எதாவது மாறிச்சுன்னா உடனே சொல்லணும்.”

பெரியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆட்டோவில் வரும்போது அவள் சேர்த்து வைத்திருந்த வசவுகள் ஒரு வண்டி இருக்கும். எதுவும் தேவைப்படவில்லை. அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

அவன் திரும்பிப் பார்த்தான். “என்னக்கா, இங்க வரைக்கும்? மறுபடியும் பொய் மணியா?” காவல்காரருக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொல்லிச் சிரித்தான்.

“இல்ல மாப்பிள்ளை. ஒரு சந்தேகம் கேக்க வந்தேன். எனக்குத் தெரிஞ்ச இடத்துல இதே மாதிரி மணிய அணைச்சு வச்சிருக்காங்க. நல்லதுக்குத்தான் அணைச்சிருக்காங்க. அங்க பாத்துக்கறதுக்குன்னு ஒரு ஆள் இருக்காரு. அவரு காலையில எட்டிப் பாத்துட்டு, மணி அடிக்கல, அதனால தீ இல்லன்னு சொல்லிட்டுச் சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய வந்துட்டாரு. அது சரியா?”

முதலில் பதில் சொன்னவர் காவல்காரர். திட்டு வாங்கிய சூடு ஆறாதவர், தன்னைவிட மோசமான ஒருவன் அகப்பட்டதில் அவருக்குச் சந்தோஷம். “அந்த மாதிரி ஆளையெல்லாம் வேலைக்கே வைக்கக் கூடாதும்மா. நானாவது வாளி போட்டு இங்கயே உக்காந்திருக்கேன்.”

இரும்பின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. எடுக்க மறந்துவிட்டதுபோல் இருந்தது. கூரையில் அவனே உறை போட்டு மூடிய வெள்ளைக் கருவியைப் பார்த்தான். கதவில் தொங்கிய மஞ்சள் அட்டையைப் பார்த்தான். நர்ஸ் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிய அன்றிலிருந்து இன்றுவரை மண்டைக்குள் நுழையாதது, சொந்தத் தொழிலின் வாசல் வழியாக ஒருவழியாக உள்ளே போனது.

“அவ மூச்சு எப்படி இருக்கு?” என்றான். மீட்டரைத் தவிர வேறு எதையாவது அவன் கேட்டது அதுவே முதல் தடவை.

“பாதிப் பேச்சுல நிறுத்தி வாங்குறா. காபி குடிக்கல. துண்டை மடிக்கல.”

துண்டு அவனுக்குப் புரியவில்லை. புரியும் என்று பெரியவள் எதிர்பார்க்கவும் இல்லை. மூச்சு புரிந்தது. கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கம்பெனி வேனின் சாவியை எடுத்தான். லிஃப்ட்டுக்கு ஓடுகிறபோதும், “நடங்கண்ணே, நடங்க” என்று பின்னால் கத்தினான். வேலையில் சுத்தம் என்று சொன்னோமே, அது.

வீட்டுக்குள் நுழைந்தவன் மீட்டரைத் தேடவில்லை. கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு, சின்னவளின் முதுகில் கையை வைத்து, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தான். “கிளம்பும்மா” என்று மட்டும் சொன்னான். சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பையில் துணி எடுத்து வைத்தாள், ஓரமும் ஓரமும் ஒட்ட.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்த்ததில் ஊரைச் சுற்றிய அதே சளிக்காய்ச்சல் கிருமிதான். நுரையீரலின் கீழ் ஓரத்தில் இறங்க ஆரம்பித்திருந்தது. அங்கேயும் காய்ச்சல் நார்மல்தான். கிருமியை அடக்கும் மருந்தை உடனே ஆரம்பித்தார்கள். தினம் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்றை டாக்டர் நிறுத்தி வைத்தார். போலீஸைக் கொஞ்சம் லீவிலிருந்து கூப்பிட வேண்டும், முழுசாகவும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அவர்கள் கிருமியை விட்டுவிட்டு அக்காவின் சிறுநீரகத்தின் மேல் பாய்வார்கள். கூப்பிடாவிட்டால் மூச்சு நிற்கும். அந்தக் கயிற்றின் மேல் சின்னவள் பல நாள் நடந்தாள். ரத்தத்தில் உப்பு ஏறுகிறது, சிறுநீரகம் திணறுகிறது என்று ஒரு நாள் சொன்னார்கள். பெரியவள் தன் இடுப்பில் இருந்த பழைய தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். தன்னிடம் இருந்ததிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்தவள் அவள். அதைப் பாழாக்கியவன், முகக்கவசம் போட்டுக்கொண்டு, எதிர் பெஞ்சில் வாளியில் உட்கார்ந்த காவல்காரர்போல் குந்தியிருந்தான்.

“என்னாலதானேக்கா?” என்றான் ஒருமுறை.

“ஆமா மாப்பிள்ளை” என்றாள். இல்லை என்று சொல்வது நாகரிகம் என்று அவளுக்குத் தெரியும். நாகரிகத்துக்கு அன்றைக்கு அவள் லீவு கொடுத்திருந்தாள்.

ஏறிய உப்பு மெல்ல இறங்கியது. மூச்சு சீரானது. வார்டை விட்டு அனுப்பும்போது டாக்டர், காய்ச்சலுக்காகக் காத்திருக்காமல் வந்தீர்களே, அதுதான் காப்பாற்றியது என்றார். இரும்பு அதைக் கேட்டுத் தலையை ஆட்டிய ஆட்டத்தைப் பெரியவள் கவனித்தாள். பழைய ஆட்டம்தான். ஒரு வாரத்துக்குள் படிக்கட்டில் அவன் குரல் கேட்டது. கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: “மூச்சைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு சார். நம்ம தொழில் அப்படி.”

ஆள் திருந்தினான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பீற்றிக்கொள்ளும் விஷயம்தான் மாறியது. முன்பு காய்ச்சல் வராதவன். இப்போது காய்ச்சல் வராததைக் கண்டுபிடிப்பவன். ஆனால் காலையிலும் சாயங்காலமும் அவன் வீட்டுக்குள் ரவுண்ட்ஸ் போனான். சின்னவளைப் பேச வைத்து மூச்சைக் கவனித்தான். தட்டில் மீந்ததைப் பார்த்தான். காலில் விரலை அழுத்தி வீக்கம் பார்த்தான். துண்டு எப்படி மடித்திருக்கிறது என்றுகூடப் பார்த்தான், ஏன் பார்க்கிறோம் என்று தெரியாமலே. படுக்கையறைக் கைப்பிடியில் ஒரு நாள் மஞ்சள் அட்டை ஒன்று தொங்கியது. கம்பெனி அட்டைதான். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த மழை ஓய்ந்தது. ஒரு சாயங்காலம் பெரியவள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் இரும்பு. ஒரு கையில் தலையணை, மறு கையில் போர்வை. வாயைத் துணியால் மூடிக்கொண்டு, கதவிலிருந்து நாலடி தள்ளி நின்றான். பல் கிடுகிடுவென்று ஆடியது. சட்டைப் பையில் அட்டை இருந்தது, ஒன்றுகூடப் பிதுக்காமல்.

“அக்கா” என்றான். மேலே சொல்ல வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லாத வார்த்தை, லேசில் வருமா? தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “எனக்குக் காய்ச்சல்.”

பெரியவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன மாப்பிள்ளை, துருப் பிடிச்சிருச்சா?”

உள்ளறையைக் கைகாட்டினாள். அவன் சுவரோரமாக நடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாள். சூடு தாங்கமுடியாமல் போனால் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாம், அது பாவமில்லை, போட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்றும் சொன்னாள். கஞ்சியும் வெந்நீரும் வேளாவேளைக்குக் கதவுக்கு வெளியே வைத்தாள். அவன் குணமாகும் வரை உள்ளேயிருந்து முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா என்றான், ஐயோ என்றான், கை வலிக்கிறது, கண் வலிக்கிறது, முடி வலிக்கிறது என்றான். உலகத்திலேயே முதல்முதலாகக் காய்ச்சல் வந்த மனிதன் தான்தான் என்பதுபோல்.

எதிர்வீட்டில் சின்னவள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் படிக்கட்டைத் தாண்டிப் போய் மேலாக இருந்த ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். விரல் எங்கும் நிற்கவில்லை.